நெல்லை அல்வா, சாத்தூர் சேவு, விருதுநகர் பரோட்டா: சுற்றிப்போய்ச் சாப்பிட அதில் இன்னும் ஏதாவது இருக்கிறதா?

ஜன்னலோரம்

அடுத்த மாதம் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போகிறோம். நான், வீட்டுக்காரர், பத்து வயது மகள். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நேராக விட்டால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். எனக்கு அப்படிப் போக மனசில்லை. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று சுற்றிக்கொண்டு, அந்தந்த ஊர்க் கடையில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

சின்ன வயதில் நெல்லைக்குப் பகல் பாசஞ்சரில் போவோம். சாத்தூர் வந்தால் ஜன்னல் கம்பி வழியாக வெள்ளரிப்பிஞ்சு உள்ளே வரும், கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி. அப்பா சேவுப் பொட்டலம் வாங்குவார். கோவில்பட்டி வந்தால் கடலைமிட்டாய். ஆனால் இந்த ஊர்களில் ஒரு தடவைகூட இறங்கினதில்லை. "எல்லாம் மதுரையிலேயே கிடைக்கிறது, எதற்கு டீசலைக் கொட்டுகிறாய்?" என்கிறார் வீட்டுக்காரர். போய்வந்தவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

நாலுவழி

உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். போன வருடம் இதே ஆசையில் இதே பாதையில் போனவன். பைபாஸில் ஒவ்வொரு கடை வாசலிலும் "ஒரிஜினல்" என்று போர்டு. எல்லோரும் ஒரிஜினல் என்றால் டூப்ளிகேட் எங்கே போனது? ஒரு கடையில் அரைக்கிலோ சேவு வாங்கினேன். வாயில் போட்டதும் காறல் எண்ணெய் வாடை. நெல்லையில் அல்வாவுக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து மறுநாள் திறந்தால் எங்கள் தெருமுனைக் கடை அல்வாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நீங்கள் தேடுவது சேவு அல்ல. பத்து வயதில் ரயிலில் எடுத்த பசி. அது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

கிழக்குரதவீதி

அண்ணாச்சி பைபாஸில் நின்று ஊரை எட்டிப் பார்த்துவிட்டு ஊரே சரியில்லை என்கிறார்.

அல்வாவை ஊருக்குக் கொண்டுபோய் மறுநாள் தின்றது உங்கள் தப்பு. அது பார்சலுக்குச் செய்த பண்டமே இல்லை. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, அதை அசையாமல் வைத்துத் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கின கெட்டிப்பாலைச் சீனியோடு சேர்த்துக் கிண்டுகிற சமாசாரம். நெய் பிரிந்து வரும்வரை கை ஓயக்கூடாது. அது கையில் வந்து விழும் சூட்டில் தின்ன வேண்டும். இலையில் வைத்துக் கொடுப்பார்கள், விரலை வைத்தால் வழுக்கும், மெல்ல வேண்டியதே இல்லை. ஆறினால் நெய் உறைந்து ஆள் மாறிவிடும். உள்ளூர்க்காரன் நின்றபடியே நூறு கிராம் தின்றுவிட்டு, திகட்டாமல் இருக்கக் கொஞ்சம் மிக்சரை அள்ளிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான்.

நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக்கடையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். 1900 வாக்கில் ராஜஸ்தான் பக்கமிருந்து வந்த குடும்பம் தொடங்கின கடை. ரொம்ப காலம் ஒரே ஒரு குண்டு பல்புதான், அதனால்தான் அந்தப் பெயர். சாயங்காலம் திறப்பார்கள், சரக்கு தீர்ந்தால் மூடிவிடுவார்கள். கூட்டம் பிடிக்காது என்றால் அங்கே நிற்காதீர்கள். டவுனில் சூடாகப் போடுகிற கடைகள் வேறும் உண்டு. அந்த வழி போகிற தாத்தா யாரையாவது கேளுங்கள், கைகாட்டுவார்.

நாலுவழி

சரி, சூடாகத் தின்னாதது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தானே வருகிறது? பேர்பெற்ற கடை வெளியூர்க்காரனுக்கு, உள்ளூர்க்காரன் தின்பது வேறு கடை.

இதில் புவிசார் குறியீடு வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் கொடுத்தார்கள். கொடுத்தது ஊருக்கு. அந்த ஊரில் இருக்கிற எல்லாக் கடையும் நல்ல கடை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெட்டிமேல் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏமாந்தவன் சொல்கிறேன்.

கரிசல்மண்

நான் கோவில்பட்டி. அப்பா முப்பது வருடம் கடலைமிட்டாய்ப் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் நாலுவழி அண்ணனுக்கு. காறலான சரக்கு பைபாஸிலும் உண்டு, ஊருக்குள்ளும் உண்டு, சென்னையிலும் உண்டு. வாங்குவதற்கு முன் ஒரு துண்டு கேளுங்கள். நல்ல கடைக்காரர் கேட்காமலே உடைத்துக் கொடுப்பார். கொடுக்க யோசித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். கடலைமிட்டாய்க்கு இரண்டே விஷயம்தான், கடலை புதுசாக இருக்க வேண்டும், பாகு பதமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கரிசல் நிலத்துக் கடலையில் எண்ணெயும் மணமும் தனி. வறுத்து, தோலைப் புடைத்து, முளையைத் தட்டி, பருப்பை இரண்டாக உடைத்து வைத்திருப்பார்கள். வெல்லப்பாகு கொதிக்கும்போது அப்பா ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். எடுத்துக் கிண்ண விளிம்பில் தட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்டால் இறக்குவார், வளைந்தால் இன்னும் கொஞ்சம் எரிய விடுவார். கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு போவதற்குள் கோடு போட்டுவிட வேண்டும். ஆறிவிட்டால் கத்தி இறங்காது, உடைத்துத்தான் விற்க வேண்டும். மேலே சிவப்பும் பச்சையுமாக ஒட்டியிருக்கும் தேங்காய்த் துருவல் எங்கள் ஊர் அடையாளம்.

இப்போது ஜன்னலோரம் அக்காவுக்கு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது "விறகடுப்பா?" என்றுதான். கேஸ் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அப்பாவுக்குக் கையில் பாகு தெறித்த தழும்பு ஏழோ எட்டோ இருக்கிறது. புகையில் நின்று நின்று இருமல். கேஸ் வந்த அன்று அவர் வீட்டுக்கு வந்து சொன்னது, "இனி கண் எரியாது." உங்களுடைய பழைய ஞாபகத்துக்காக அவர் மறுபடியும் விறகு முன்னால் நிற்க வேண்டுமா? பழைய ருசி வேண்டும், பழைய அடுப்பு வேண்டும், விலையும் பழையதாகவே வேண்டும் என்கிறீர்கள். நின்று கிண்டுகிறவனுக்குச் சம்பளம் மட்டும் புதுசாக எங்கிருந்து வரும்?

ஜன்னலோரம்

தம்பி, விறகடுப்பு பற்றி நான் எங்கும் எழுதவில்லையே! ஆனாலும் குத்தியது. மிஷினில் செய்தால் ருசி குறையும் என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். உண்மையில் குறையுமா?

கரிசல்மண்

கோபத்தில் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. வெட்டுவது, பொட்டலம் கட்டுவதெல்லாம் மிஷினில் செய்தால் ஒன்றும் குறையாது. பாகுப் பதத்துக்கு மட்டும் ஆள் நிற்க வேண்டும். மழை நாளில் ஒரு பதம், வெயிலில் ஒரு பதம்.

சால்னா

எல்லோரும் இனிப்பிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். விருதுநகரைப் பேச ஆள் இல்லையா?

எண்ணெய் பரோட்டா தின்னாமல் விருதுநகரைத் தாண்டினால் அது பயணமே இல்லை. நடுவில் குழிந்த பெரிய கல், குழி நிறைய எண்ணெய், அதில் உள்ளங்கை அளவு பரோட்டா மிதந்து சிவந்து வரும். எடுத்து, இரண்டு தட்டு தட்டி நொறுக்கி இலையில் போட்டு, மேலே சால்னாவை ஊற்றுவார்கள். ஓரம் மொறுமொறு, சால்னா இறங்கின நடுப்பகுதி பஞ்சு. பர்மா கடையைத்தான் வெளியூர்க்காரர்கள் கேட்டு வருவார்கள். முடித்துவிட்டு ஒரு போவண்டோ கலர். அதைப் போடுகிற காளி மார்க் கம்பெனி 1916இல் தொடங்கினது இதே விருதுநகரில்தான் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல்

பரோட்டா என்றால் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டர். நாட்டுக்கோழியோடு தின்றவனுக்கு எண்ணெயில் பொரித்ததை பரோட்டா என்று சொல்லவே நா வராது. அப்பளம் என்று வேண்டுமானால் சொல்வான்.

சால்னா

சாரல் அடிக்கிற ஊரில் பசித்தவனுக்கு எதைக் கொடுத்தாலும் ருசிக்கும். அந்த மழையையும் குளிரையும் கழித்துவிட்டு வந்து பேசுங்கள்.

நாலுவழி

பாருங்கள், என் வாதத்தை சால்னாவே எடுத்துக் கொடுத்துவிட்டார்! ருசியில் பாதி சாரல்.

கோரைப்புல்

தின்பதை விட்டுவிட்டு ஒரு கடை சொல்லவா? நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் ரோட்டில் 20 கிலோமீட்டர் வாக்கில் பத்தமடை. ரிஷிகேசத்தில் ஆசிரமம் வைத்த சிவானந்தர் பிறந்த ஊர். அங்கே பாய் நெய்கிறார்கள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, நார் நாராகக் கீறி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் ஏற்றி நெய்வது. நெய்கிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். பட்டுப்பாய் என்கிற ரகத்தைத் துணிபோல மடித்து வைக்கலாம், கோடு விழாது. கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரையும் தேதியையும் பாயிலேயே நெய்து தருவார்கள்.

என் கல்யாணப் பாயில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போய்விட்டது. திருப்பிக் கொடுக்கப் போனோம். நெய்த அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமா மக்களே, ஒண்ணு குறையுது" என்றார். அவர் விரல் நுனியில் கோரை அறுத்த கோடுகளைப் பார்த்தபிறகு பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டில் இன்றைக்கும் என்னை அந்தக் குறைந்த பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்.

நாலுவழி

இப்போது யார் பாயில் படுக்கிறார்கள்? வாங்கிப்போய் அலமாரிமேல் சுருட்டி வைப்போம். அதற்கு ஒரு பயணமா?

கோரைப்புல்

பத்து நாள் முதுகு வலித்தால் நீங்களும் தரையில் பாய் விரிப்பீர்கள். அப்போது வந்து எழுதுங்கள்.

உப்பளம்

தூத்துக்குடிக்கு வந்து சேரும்போது வயிற்றில் இடம் வையுங்கள். மக்ரூன் இல்லாமல் திரும்பக்கூடாது. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, மூன்றே பொருள். வெள்ளைக்கருவை நுரை நிற்கும்வரை அடித்து, முந்திரிப்பொடியைச் சேர்த்துக் கூம்பு கூம்பாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் வெகுநேரம் வைப்பார்கள். கடல்காற்று பட்டால் நமுத்துவிடும், அதனால் டப்பாவைத் திறந்தால் முடித்துவிட வேண்டும். அது ஒன்றும் சிரமமான காரியமில்லை.

நாலுவழி

நான் சண்டைக்காக மட்டும் எழுதவில்லை. ஒரு நடைமுறைச் சிக்கலை யாருமே சொல்லவில்லை. விருதுநகர் பரோட்டா சாயங்காலம்தான் களைகட்டும். இருட்டுக்கடையும் சாயங்காலம்தான். இரண்டுக்கும் நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் எங்காவது ஓர் இடத்தில் பூட்டைத்தான் பார்ப்பீர்கள். நான் பார்த்தேன்.

கிழக்குரதவீதி

இதில் அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது. மதுரையில் மதியம் சாப்பிட்டுக் கிளம்புங்கள். இருட்டும் நேரத்துக்கு விருதுநகர், ராத்திரி அங்கேயே தங்கல். காலையில் சாத்தூரில் சேவு, ஊருக்குள் போய் வாங்குங்கள். அப்புறம் கோவில்பட்டி. மதியம் நெல்லை, வெயில் தாழ்ந்ததும் டவுன். மறுநாள் காலையில் பத்தமடை போய்த் திரும்பி தூத்துக்குடி. இரண்டு ராத்திரி ஆகும், வேறு வழியில்லை.

கரிசல்மண்

சாத்தூரில் சேவு தேய்க்கிற நேரத்துக்குப் போனால் இன்னும் நல்லது. கண்கரண்டியை எண்ணெய்க்குமேல் பிடித்து மாவைத் தேய்ப்பதைப் பாப்பா பார்க்கட்டும், பூண்டு வாசனை தெரு முழுக்க வரும். கோவில்பட்டியில் பட்டறைக்குள் பார்க்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டுப் போங்கள். பாகு இறக்குகிற நேரத்தில் மட்டும் யாரும் பேசக்கூடாது, போட்டோவும் கூடாது.

ஜன்னலோரம்

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் படித்தார். இரண்டு ராத்திரிக்கு ஒத்துக்கொண்டார். திரும்பும்போது அவர் சொன்ன நேர்வழியில் வர வேண்டும், எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டில் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நாலுவழி சார், சேவு வாங்கும்போது முதலில் ஒரு துண்டு கேட்கிறேன். அல்வாவைப் பார்சல் கட்டமாட்டேன்.

இருட்டுக்கடைக் கதையை மகளுக்குச் சொன்னேன். "இன்னொரு பல்பு வாங்கிப் போட்டிருக்கலாமே, ஏன் போடலை?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?

கிழக்குரதவீதி

போட்டால் பேரை மாற்ற வேண்டிவரும் என்று சொல்லுங்கள்.

நாலுவழி

பாப்பாவை என் கட்சியில் சேர்த்துக்கொள்கிறேன். இத்தனை பேரில் அவள் ஒருத்திதான் சரியான கேள்வி கேட்டிருக்கிறாள்.