டி என்ற ஒற்றை எழுத்து

குழு: எங்கள் வீட்டுப் பெண்கள்
சனிக்கிழமை

மைதிலி, காலை 8.12
மார்பை எக்ஸ்ரே எடுத்த மமோகிராம் றிப்போர்ட் வந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் கீழே 'மார்பக அடர்த்தி: டி' என்று இருக்கிறது. இரவு முழுக்க நித்திரை இல்லை. ஏ, பி, சி தாண்டி டி என்றால் புற்றுநோய் முற்றிவிட்டது என்றா அர்த்தம்?

பெரியம்மா, 8.15
முருகா. பிள்ளை சாப்பிட்டாயா?

சுபா, 8.16
அக்கா, அழாதே. தர்ஷி வரட்டும், ஆஸ்பத்திரியில் இந்தப் படங்களைப் பார்ப்பவள், அவளுக்குத் தெரியும்.

தர்ஷி, 8.40
இரவு டியூட்டி முடிந்து இப்போதுதான் ஃபோனைப் பார்த்தேன். மைதிலி அக்கா, அது நோயின் கட்டம் இல்லவே இல்லை. றிப்போர்ட்டில் மேலே 'பைராட்ஸ் 1' என்று இருக்கிறதா?

மைதிலி, 8.41
ஓம், இருக்கிறது.

தர்ஷி, 8.47
படத்தில் சந்தேகம் எவ்வளவு என்று சொல்வது அந்த பைராட்ஸ் இலக்கம்தான். 1 என்றால் சந்தேகப்படும்படி எதுவும் தெரியவில்லை. டி என்ற எழுத்து உங்கள் மார்பு எந்த வகை என்று மட்டும் சொல்கிறது. ஏ என்றால் பெரும்பாலும் கொழுப்பு. டி என்றால் பால் சுரப்பியும் நார்த்திசுவும் மிக நெருக்கமாக இருக்கின்றன. சி, டி இரண்டையும்தான் அடர்த்தி என்று சொல்வோம். எத்தனையோ பேருக்கு அப்படித்தான், அது வருத்தம் இல்லை.

கலா மாமி, 8.52
இவள் மெலிந்த பிள்ளை, இவளுக்கு எப்படி அடர்த்தி?

தர்ஷி, 8.56
மாமி, மெலிந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கூட. கொழுப்பு குறைவுதானே. தொட்டுப் பார்த்தோ பருமனைப் பார்த்தோ சொல்ல முடியாது, மமோகிராம் எடுத்தால்தான் தெரியும். வயது போகப் போக குறையும்.

மைதிலி, 8.58
அப்போ நான் நிம்மதியாக இருக்கலாமா?

தர்ஷி, 9.10
பயப்பட வேண்டாம், ஆனால் றிப்போர்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். மமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், புற்றுநோய்க் கட்டி வெள்ளையாகத் தெரியும். அடர்த்தியான பகுதியும் அதே வெள்ளைதான். கறுப்புத் தட்டில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தால் உடனே கண்ணில் படும். திருவி வைத்த தேங்காய்ப்பூவுக்குள் விழுந்தால்? நேற்றும் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மெல்லிய நரம்பு கூடத் தெரிந்தது. மற்றது முழுக்க வெண்படலம். அடர்த்தி கூடியவர்களுக்கு புற்றுநோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூட. அதனால் டி என்ற எழுத்து வந்தால், வேறு ஸ்கான் ஏதும் சேர்த்து எடுக்க வேண்டுமா என்று டொக்டரைக் கேட்கத்தான் வேண்டும்.

பெரியம்மா, 9.14
என் சிநேகிதி ஒருத்திக்கு மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. படத்தில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவளும் அதை நம்பி எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறும்.

தர்ஷி, 9.16
இதை எல்லோரும் மனதில் வையுங்கள். கட்டி தட்டுப்பட்டால், காம்பிலிருந்து இரத்தம் வந்தால், தோல் குழி விழுந்தால், படம் என்ன சொன்னாலும் மறுபடி போய்க் காட்ட வேண்டும்.

கலா மாமி, 9.20
இந்த விளம்பரத்தைப் பாருங்கள். வெப்பக் கமெரா ஸ்கான். அழுத்துவதும் இல்லை, கதிரும் இல்லை. மைதிலி இதை எடுக்கலாமே?

தர்ஷி, 9.22
வேண்டாம் மாமி. அது மமோகிராமுக்கு ஈடாகாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. தயவுசெய்து இதை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

மைதிலி, 9.23
அப்போ எதைச் சேர்த்து எடுப்பது?

தர்ஷி, 9.41
கொழும்பில் சுலபமாகக் கிடைப்பது அல்ட்ராசவுண்ட். ஜெல் பூசிப் பார்ப்பது, கதிர் இல்லை. ஜப்பானில் 40 முதல் 49 வயதுப் பெண்கள் ஏறக்குறைய 73,000 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2016இல் முடிவு வந்தது. மமோகிராம் மட்டும் எடுத்தபோது 100 புற்றுநோயில் 77 பிடிபட்டது. அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது 91. ஆனால் நோய் இல்லாத 100 பேரில் இன்னும் நான்கு பேர் வரை வீணாக மறுபரிசோதனைக்குப் போக வேண்டி வந்தது. ஆகவே திரும்ப வரச் சொன்னால் உடனே இடிந்துபோக வேண்டாம். செய்பவரின் கைத்திறனும் முக்கியம்.

டி வகைக்கு மிகக் கூர்மையானது, காந்தத்தால் படம் எடுக்கும் எம்ஆர்ஐ. நெதர்லாந்தில் 50 முதல் 75 வயது வரையான, மிக அடர்த்தி உள்ள பெண்களிடம் செய்த ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு பரிசோதனைக்கு நடுவில் தலைகாட்டும் புற்றுநோய், மமோகிராம் மட்டும் எடுத்தவர்களிடம் 1000 பேருக்கு 5 ஆக இருந்தது, எம்ஆர்ஐக்கு அழைக்கப்பட்டவர்களிடம் 2.5 ஆகக் குறைந்தது. குப்புறப் படுக்க வேண்டும், நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். செலவு கூட, எல்லோருக்கும் தேவையும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா, உங்கள் வயது என்ன, எல்லாம் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

மைதிலி, 9.44
அல்ட்ராசவுண்ட் எடுத்தால் அடுத்த முறை மமோகிராமை விடலாம்தானே? அந்தத் தட்டு நசுக்கிய நசுக்கில் கண்ணீர் வந்துவிட்டது.

தர்ஷி, 9.47
விடக்கூடாது அக்கா. பொடிப் பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் சில சமயம் முதல் அறிகுறி. அவை மமோகிராமில்தான் நன்றாகத் தெரியும். மாதவிடாய் முடிந்த கிழமையில் போனால் நோவு குறையும். அன்றைக்கு அக்குளில் பவுடரோ வாசனையோ போட வேண்டாம், படத்தில் அதுவும் புள்ளியாக விழும்.

சுபா, 9.50
அமெரிக்காவில் 2024 செப்டெம்பரிலிருந்து அடர்த்தி எது என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் சொல்லியே ஆக வேண்டுமாம். அம்மா, நீங்கள் எடுத்ததே இல்லையே?

பெரியம்மா, 9.58
எனக்கு 67 ஆகிறது. இனி எதற்கு?

தர்ஷி, 9.59
வயது ஏற ஏறத்தான் ஆபத்துக் கூட, பெரியம்மா. நாரஹேன்பிட்டையில் அரசாங்கத்தின் புற்றுநோய் முன்கூட்டியே கண்டறியும் நிலையம் இருக்கிறது, காசு இல்லை. வெள்ளவத்தையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, நான் கூட்டிப்போகிறேன். மைதிலி அக்காவும் றிப்போர்ட்டோடு வரட்டும்.

மைதிலி, 10.02
நான் ஸ்கூலுக்கு லீவு போடுகிறேன்.

பெரியம்மா, 10.09
சரி, எட்டு மணிக்கு வாருங்கள். குளித்துவிட்டு பவுடர் போடாமல் நிற்கிறேன்.