ஒரே கிட்டார், இரண்டு வகை பிக்கப்: இசி-1000 வாங்குபவருக்கு ஆக்டிவா, பாசிவா?

தலவாக்கலைத் தந்தி:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும், திருவிழாக் காலத்தில் தோட்டத்து இசைக்குழுவிலும் வாசிப்பவன் நான். வீட்டில் வாசிப்பது பெரும்பாலும் மெட்டாலிகா என்னும் மெட்டல் குழுவின் பாட்டுகள். ஈராண்டுச் சேமிப்பில் எல்.டி.டி இசி-1000 என்னும் மின்கிட்டார் ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன். மஹோகனி உடல், 24.75 அங்குலத் தந்தி நீளம், 24 ஃபிரெட் ஆகிய எல்லாம் ஒன்றாக இருக்க, ஒரு வடிவத்தில் ஈ.எம்.ஜி 81, 60 என்னும் ஆக்டிவ் (பற்றரியில் இயங்கும்) பிக்கப்புகளும், மற்றதில் செய்மோர் டங்கனின் ஜேபி, 59 என்னும் பாசிவ் (பற்றரி இல்லாத) பிக்கப்புகளும் வருகின்றன. பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகம். எங்கள் மண்டபத்தில் டியூப் விளக்கைப் போட்டாலே ஒலிபெருக்கி முனகத் தொடங்கிவிடும் என்பதையும், ஆம்ப் இருக்கும் இடத்திலிருந்து வெகு தூரத்தில் நின்று வாசிக்க வேண்டியிருக்கும் என்பதையும் மனத்தில் வைத்து ஆலோசனை கூறுங்கள்.

அட்டன் அமைதி:
தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் மருந்து ஈ.எம்.ஜிதான். ஆக்டிவ் பிக்கப்பில் கம்பிச் சுற்றுகள் குறைவு; அதில் எழும் மெல்லிய சமிக்ஞையை, பிக்கப்புக்குள்ளேயே எபொக்சியில் புதைத்திருக்கும் சிறு முன்பெருக்கி உயர்த்தி, ஏறத்தாழ 10 கிலோ ஓம் என்ற தாழ்ந்த இம்பீடன்ஸில் (மின்னோட்டத்துக்கான தடையில்) வெளியே அனுப்புகிறது. அதனால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் வயரில் எளிதில் ஏறாது. கேபிள் நீண்டாலும் ஒலி மங்காது. பாசிவில் அப்படியல்ல. கேபிளின் ஒவ்வொரு மீற்றரும் சுமார் 100 பிக்கோ ஃபராட் கொள்ளளவத்தைச் சேர்ப்பதால், 3 மீற்றர் கேபிளில் 4000 ஹேட்ஸுக்கு அருகில் மின்னிய பழைய பாணி ஹம்பக்கரின் (இரட்டைச் சுருள் பிக்கப்பின்) உச்சம், 9 மீற்றர் கேபிளில் 2500க்கு அருகில் இறங்கி, ஒலி மங்கிவிடும். தேவாலயத்தின் பின்வரிசையில் நின்று வாசிப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

மேலும், மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் நெடுங்காலம் வாசித்தது இதே 81, 60 இணையைத்தான். ஆக்டிவ் என்றால் மெட்டல் மட்டுமே என்பாருக்கு ஒரு சொல்: பிங்க் ஃபுளொய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் சிவப்பு ஸ்ட்ராட் கிட்டாரில் இருந்ததும் ஈ.எம்.ஜிதான்.

பண்டாரவளைப் பழமைவாதி:
அட்டன் அண்ணா சொல்லும் இயற்பியலை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர் எட்டும் முடிவைத்தான் மறுக்கிறேன். இரைச்சலை அடக்க பற்றரி தேவை என்பது போல எழுதுகிறார். எதிர் எதிராகச் சுற்றிய இரு சுருள்களைக் கொண்டு மின்சார முனகலை ஒன்றோடொன்று கழிக்கும் ஹம்பக்கருக்கு கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமை கோரியபோது, அதற்குள் எந்தப் பற்றரியும் இருக்கவில்லை. ஜேபியும் 59உம் அந்த வழியில் வந்த ஹம்பக்கர்களே.

கில்மோரைப் பற்றியும் ஒன்று: அவருடைய புகழ்பெற்ற கறுப்பு ஸ்ட்ராட் பாசிவ். ஆகவே அந்த மனிதரை இரு கட்சியும் சாட்சிக்கு அழைக்கலாம்.

எனக்கு முக்கியமானது கையும் ஒலியும் பேசிக்கொள்ளும் விதம். பாசிவில் ஒலியளவுக் குமிழைப் பாதியாகக் குறைத்தால் முறுகல் (டிஸ்டோர்ஷன்) தளர்ந்து, பாடகரின் குரலுக்குப் பின்னால் கிட்டார் ஒதுங்கி நிற்கும். உச்ச ஒலிகளும் சிறிது குறையும், அதுவே பல வேளைகளில் தேவைப்படுகிறது. 81ஐ மெல்லத் தொட்டாலும் அழுத்தி மீட்டினாலும் எனக்கு ஒரே முகத்தைத்தான் காட்டியது. அறுபதுகளின் பாணியிலான ஃபஸ் பெடல்களும் (ஒலியை முறுக்கும் கால்மிதிப் பெட்டிகள்) தாழ்ந்த இம்பீடன்ஸோடு ஒத்துப்போவதில்லை, கரகரத்துவிடுகின்றன.

பற்றரி விடயத்தில் நான் சூடுகண்ட பூனை. ஒரு தீபாவளி நிகழ்ச்சியில், இரண்டாம் பாட்டின் நடுவே ஒலி உடைந்து, மெலிந்து, அடங்கியே போயிற்று. தோட்டத்துக் கடையில் டோர்ச்சுக்கான பற்றரி கிடைத்தது. 9 வோல்ட் பற்றரி கிடைக்கவில்லை.

அட்டன் அமைதி:
கணக்கைப் பார்ப்போம், தம்பி. ஒரு 81 இழுப்பது 80 மைக்ரோ ஆம்பியர். இரண்டு பிக்கப்புக்கு 160. ஒரு நல்ல அல்கலைன் 9 வோல்ட் பற்றரி 500 மில்லி ஆம்பியர்-மணி தருமானால், 3000 மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பிளக் செருகப்பட்டிருக்கும்போது மட்டுமே மின்னோட்டம் செல்வதால், ஓரிரவு மறந்து விட்டுவிட்டாலும் எதுவும் ஆகாது. 125 நாட்கள் செருகியபடியே மூலையில் சாத்தி வைத்திருந்தால்தான் நீங்கள் சொல்வது நடக்கும்.

பண்டாரவளைப் பழமைவாதி:
அண்ணா, நியாயம் உங்கள் பக்கம். கிட்டார் ஆறு மாதம் பிளக்கோடு சுவரில்தான் சாய்ந்திருந்தது. என் சோம்பலை மன்னிக்காத கருவி எனக்கு வேண்டாம் என்று மட்டும் மாற்றி எழுதிக்கொள்கிறேன்.

பதுளை ஈயக்கோல்:
கிட்டார்களைத் திறந்து பழுது பார்ப்பவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது, "இப்போது ஒன்றை வாங்கி, பிறகு பிக்கப்பை மாற்றிக்கொள்ளலாம்" என்று எண்ண வேண்டாம், தம்பி. ஆக்டிவுக்கு 25 கிலோ ஓம் குமிழ், பாசிவ் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். பாசிவுக்கு 25ஐ வைத்தால் போர்வைக்குள் வாசிப்பது போல் இருக்கும். ஆக்டிவுக்கு 500ஐ வைத்தால் குமிழ் ஏறக்குறைய சுவிட்ச் போல் நடந்துகொள்ளும். கேபிளைச் செருகும் ஜாக்கும் மாற வேண்டும், பற்றரிக்கு இடமும் வேண்டும்.

இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது. டியூப் விளக்கைப் போட்டதும் முனகல் என்றால், அந்த மண்டபத்தின் எர்த்தை முதலில் சோதியுங்கள். பழைய கட்டடங்களில் எர்த் வயர் சுவருக்குள்ளேயே முடிந்துவிட்டதை நான் கண்டிருக்கிறேன். பாசிவில் தந்திகள், அவற்றை உடலில் தாங்கும் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆம்பின் எர்த்தும் ஒலிவாங்கியின் எர்த்தும் ஒன்றாக இல்லாவிட்டால், தந்தியைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைக்கும்போது அதிர்ச்சி பாயும். ஈ.எம்.ஜியில் அந்தத் தந்தி இணைப்புத் தேவையில்லை என்பது உண்மையான அனுகூலம். ஆனால் ஜாக்கின் உலோகமும் உலோகக் குமிழும் அப்போதும் எர்த்தோடுதான் இருக்கின்றன. கட்டடத்தின் நோய்க்குக் கிட்டாரிடம் மருந்து கேட்காதீர்கள்.

அட்டன் அமைதி:
அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நாம் எல்லோரும் வாசிக்கும் எல்லா மேடைகளுக்கும் யார் எர்த் போட்டுத் தருவார்? திருவிழா மேடைக்கு வரும் ஜெனரேட்டரோடு நாம் வாதாட முடியாது. கருவி எங்கே வாழப்போகிறது என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

தலவாக்கலைத் தந்தி:
எல்லோருக்கும் நன்றி. அக்காவின் பதிவைப் படித்ததும் மண்டபத்துப் பிளக் பொயிண்டைச் சோதிக்கச் சொன்னேன், எர்த் இல்லை. சனிக்கிழமை மின்னியலாளர் வருகிறார். மாதத்துக்கு நான்கு நாள் தேவாலயம், ஆண்டுக்கு இரண்டு மூன்று திருவிழா என்று என் கணக்கு இருப்பதால், டங்கன் பொருத்தியதை எடுக்கிறேன். கேபிளை 5 மீற்றருக்குக் குறைத்து, ஆம்பை என் பக்கம் நகர்த்தப் போகிறேன்.

அட்டன் அமைதி:
நல்லது தம்பி. ஆம்பை நகர்த்தப் பாடகர் குழுத் தலைவர் சம்மதித்தாரா என்பதை மட்டும் எழுதுங்கள்.