மறு: ‘ஊடுருவா’ வேண்டாம், ‘சதையெடா’ எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். ‘நான்-இன்வேசிவ் லிவர் ஃபைப்ரோசிஸ் டெஸ்ட்’, அதாவது ஈரலில் நார்த்திசு படிந்திருக்கிறதா என்று உடலைக் கீறாமல் பார்க்கும் சோதனைக்கு, தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ஐயா தந்தது இது:

> ஊடுருவாக் கல்லீரல் இழைநார்மச் சோதனை

ஐயா தந்த தொடரில் பிழை காண முடியாது. ஆனால் இங்கே கும்பகோணத்தில் ஸ்கேன் அறை வாசலில் காத்திருப்பவருக்கு இது விளங்குமா? அதோடு, ‘ஊடுருவா’ என்பதே இடிக்கிறது. ஸ்கேன் கருவி அனுப்பும் அலை ஈரலுக்குள் ஊடுருவித்தானே போகிறது?

‘ஊசியிலாச் சோதனை’ என்ற யோசனையும் ஒத்துவராது. ரத்தப் பரிசோதனையை வைத்து ஈரல் நாரை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்குக்கு வயதோடு தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் இரண்டு ஈரல் நொதிகளும் வேண்டும். அதற்கு ரத்தம் எடுத்தாக வேண்டும். ஸ்கேன், ரத்தக் கணக்கு இரண்டிலும் தவிர்க்கப்படுவது ஒன்றுதான்: ஈரலில் ஊசி விட்டுத் துண்டெடுப்பது. எங்கள் பக்கம் பயாப்சியைச் ‘சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க’ என்பார்கள். ஆகவே சதையெடாச் சோதனை. கொச்சை என்பீர்கள், இருக்கட்டும்.

ஃபைப்ரோசிஸைத் ‘தழும்பு’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை. தழும்பு என்றால் ஆயுசுக்கும் கிடக்கும். இதுவோ குடியை விட்டால், ஹெபடைட்டிஸ் சி குணமானால், பலருக்குக் குறைகிறது. வெண்டைக்காய் முற்றினால் நாரேறிவிட்டது என்கிறோமே, அதிலிருந்து நாரேற்றம். 0 முதல் 4 வரை படி சொல்லவும் ‘ஏற்றம்’ கைகொடுக்கும்.

ஃபைப்ரோஸ்கேன் என்ற ஈரல் ஸ்கேன் கருவிக்கு மட்டும் ‘நார்’ சேர்க்காதீர்கள். அது நாரைப் பார்ப்பதில்லை. விலா இடுக்கில் மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஈரலில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கிறது. ஈரல் இறுக இறுக வேகம் கூடும். இளநீர்க்காரர் சீவுமுன் அரிவாளால் தட்டிப் பார்க்கிற அதே வித்தை. ஈரல் வீங்கியிருந்தாலும், இதயம் பலவீனப்பட்டு ரத்தம் தேங்கினாலும் அளவு ஏறும். ஏன், வயிறு நிறைந்திருந்தாலே ஏறும். என் மச்சான் டிபனும் காபியும் முடித்துப் போய்ப் படுத்தார்: இறுக்கம் 8.6 கிலோபாஸ்கல் (அதை அளக்கும் அலகு). வீடே கலங்கியது. மூன்று மணி நேரம் வெறும் வயிறாக இருந்து எடுத்தபோது 6.9. கொழுப்பு ஈரல்காரருக்கு 8-க்குக் கீழே வந்தால் முற்றிய நாரேற்றம் இருக்க வாய்ப்புக் குறைவு. கருவி அளப்பது இறுக்கம், நார் என்பது மருத்துவரின் முடிவு. எனவே ஈரல் இறுக்கமானி.

(கல்லீரல் என்று பெயர் வைத்துவிட்டு, கல்லாகிவிட்டதா என்று அளக்கிறோம். முன்னோர் குறும்புதான்.)

கும்பகோணத்திலிருந்து

---

தம்பி, உங்கள் மடலுக்குப் பதில்.

சதையெடாவை ஒப்புகிறேன், எழுதும்போது கை கூசினாலும். நாரேற்றம் நன்று.

‘இறுக்கம்’ வேண்டாம். மன இறுக்கம் ஏற்கெனவே ஆட்டிசத்துக்குப் போய்விட்டது. ‘விறைப்பு’ என்றால் வகுப்பே சிரிக்கும். ‘கெட்டி’ இருக்கிறதே? ஈரல் கெட்டிமானி. நேற்று மாயவரத்தில் என் மருமகனிடம் சோதனையை விளக்கினேன். முடிக்குமுன் அவரே கேட்டார்: “கெட்டி எவ்வளவு இருக்கணும் மாமா?”