டிசம்பர் 24 இரவு ரேடியோவில் இரண்டு மணி நேரம் ஜாஸ்: கிறிஸ்துமஸ் பாட்டு எத்தனை தாங்கும்?

தட்டுசுழற்றி (டிசம்பர் 2)

வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு சின்னக் கல்லூரி வானொலியில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஜாஸ் போடுகிறேன். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வது. கேட்பவர்கள் என்று எனக்குத் தெரிந்து என் மனைவி, பக்கத்து ஊரில் ஒரு சலூன், அப்புறம் பெயர் சொல்லாமல் போன் செய்து "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடும் ஒரு பெரியவர். மாணவர்கள் எல்லாரும் விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்விடுவதால் இந்த வருடம் டிசம்பர் 24 இரவு 8 முதல் 10 வரை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

குழப்பம் இதுதான். இங்கே வணிக வானொலிகள் சில நவம்பர் பாதியிலேயே முழுநேரமும் கிறிஸ்துமஸ் பாட்டு என்று மாறிவிடும். கடை, பல் டாக்டர், லிஃப்ட் எங்கே போனாலும் அதே பாட்டுதான், 24ஆம் தேதி வருவதற்குள் ஜனங்களுக்கு அலுத்துப் போயிருக்கும். அதற்காக அன்றைக்கு ஒன்றுகூடப் போடாமல் இருந்தால் கல்யாண வீட்டில் முகாரி பாடினது போல ஆகிவிடும். போன வருடம் டிசம்பரில் ஒரு ஞாயிறு முழுக்கக் கிறிஸ்துமஸ்தான் போட்டேன். ஜிங்கிள் பெல்ஸ் மட்டும் மூன்று தடவை, மூன்றும் வேறு வேறு ஆள், மூன்றுமே நல்ல வாசிப்பு, ஆனால் நாற்பதாவது நிமிடத்தில் எனக்கே பால்கோவா அளவுக்கு மீறித் தின்றது போலத் திகட்டிவிட்டது.

கையில் இருப்பது பாடகர் நாட் கிங் கோல், பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 இசைத்தட்டு, பியானோக்காரர் வின்ஸ் குவாரல்டி, சைக்கோவ்ஸ்கியின் பாலே இசையை டியூக் எலிங்டன் ஜாஸாக மாற்றிய நட்கிராக்கர். எத்தனைக்கு எத்தனை வைக்கலாம்? பாடகர்களா, வாத்தியமா? இன்னொன்று, எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது, கேக் மட்டும் உண்டு. அந்த ராத்திரியில் மைக் முன்னால் உட்கார எனக்கு என்ன தகுதி என்று ஒரு கூச்சமும் இருக்கிறது.

நடுநிசி நாயனம் (டிசம்பர் 2)

கூச்சத்தை முதலில் தூக்கிப் போடுங்கள். "வைட் கிறிஸ்துமஸ்" எழுதிய இர்விங் பெர்லின் யூதர். "தி கிறிஸ்துமஸ் சாங்" மெட்டமைத்த மெல் டார்மேயும் யூதர். பனியில் கஷ்கொட்டை வறுபடும் அந்தப் பாட்டு பிறந்தது 1945 கோடையில், கலிபோர்னியாவில், வெயில் தாங்க முடியாமல் பாப் வெல்ஸ் குளிர்ச்சியாக நாலு வரி எழுதிப் பார்த்ததில் இருந்து என்று டார்மே சொல்லியிருக்கிறார். கத்திரி வெயிலில் உட்கார்ந்து மார்கழிப் பனியைப் பாடின கதைதான். நீங்கள் தாராளமாக உட்காரலாம்.

விகிதத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு நம் கச்சேரிக் கணக்கு. கிறிஸ்துமஸ் பாட்டைத் துக்கடாவாக நினைத்துக்கொள்ளுங்கள். துக்கடாவை முதலிலேயே கொட்டிவிட்டால் அப்புறம் ராகம் தானம் பல்லவிக்கு யார் உட்காருவார்? முதல் மணியில் மூன்றுக்கு ஒன்று, இரண்டாவது மணியில் பாதிக்குப் பாதி, கடைசி இருபது நிமிடம் முழுக்க அவையே. அதற்குள் கேட்பவருக்கும் பசி வந்திருக்கும்.

முதல் மணியில் வாத்தியம் மட்டும் வையுங்கள், இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பாடகர் வாயைத் திறந்தால் முதல் வார்த்தையிலேயே என்ன பாட்டு என்று தெரிந்துவிடும். பியானோ என்றால் கேட்பவர் பாத்திரம் கழுவிக்கொண்டே பாதியில் "அட, இது அதுதானே" என்று நிமிர்வார், அந்த ஒரு நொடிக்காகத்தான் நாம் இந்த வேலையே செய்கிறோம். பில் எவன்ஸின் ட்ரியோ '64 தட்டில் "சான்டா கிளாஸ் இஸ் கமிங் டு டவுன்" இருக்கிறது, குழந்தைப் பாட்டு என்று அலட்சியமாக உட்கார்ந்தவரைக் கேரி பீகாக்கின் பேஸ் எழுப்பி விட்டுவிடும். கென்னி பரல் கிதாரில் 1966இல் ஒரு முழுத் தட்டு போட்டிருக்கிறார். ஜிம்மி ஸ்மித் ஆர்கனில் 1964இல். ஆர்கனை சர்ச் வாத்தியம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஜிம்மி ஸ்மித் நல்ல மருந்து.

குவாரல்டியைக் கட்டாயம் போடுங்கள், எத்தனை தடவை தேய்ந்திருந்தாலும். ரேடியோக்காரனுக்கு அதில் தனிப் பாசம் வேண்டும். சார்லி பிரவுன் கார்ட்டூன் நிகழ்ச்சிகளின் தயாரிப்பாளர் லீ மெண்டல்சன் கோல்டன் கேட் பாலத்தில் டாக்ஸியில் போகும்போது ரேடியோவில் குவாரல்டியின் "காஸ்ட் யுவர் ஃபேட் டு தி விண்ட்" கேட்டு, இது யார் என்று விசாரித்துத்தான் குவாரல்டியைப் பிடித்தார். அந்த நேரம் ரேடியோவில் யாரோ ஒருவர் அந்தத் தட்டை எடுத்திருக்காவிட்டால் 1965 டிசம்பர் 9 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் சார்லி பிரவுன் வேறு ஏதோ இசையோடு வந்திருப்பான். "கிறிஸ்துமஸ் டைம் இஸ் ஹியர்" இரண்டு வடிவம் உண்டு, குழந்தைகள் பாடுவது ஒன்று, ட்ரியோ (மூன்று வாத்தியக்காரர்கள்) மட்டும் வாசிப்பது ஒன்று. இரண்டாவதை 9 மணிக்கு அப்புறம் வையுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. தனியாக ஸ்டுடியோவில் இருப்பீர்கள் என்பதால் சாக்ஸபோன்காரர் ஜான் கால்ட்ரேனின் "மை ஃபேவரிட் திங்ஸ்" கையில் இருக்கட்டும். பதிமூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடும். அது கிறிஸ்துமஸ் பாட்டே இல்லை, 1959இல் பிராட்வே இசை நாடகத்துக்கு எழுதியது, ரேடியோக்காரர்கள்தான் இழுத்து வந்து டிசம்பரில் கட்டிப் போட்டார்கள். ஆனால் அந்த சோப்ரானோ சாக்ஸ் எனக்கு எப்போதும் நாயனம் போலத்தான் கேட்கும், அதனால் தப்பாகத் தோன்றியதே இல்லை. பதிமூன்று நிமிடத்தில் கழிப்பறைக்குப் போய், காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஒற்றைக்காது (டிசம்பர் 3)

ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆளாவது வேண்டாமா, நான் சொல்கிறேன். உங்களுக்குப் பக்கத்திலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வானொலி டபிள்யூகேசிஆர் இருக்கிறது. பில் ஷாப் வருடக்கணக்கில் காலை வேளையில் சாக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரை மட்டுமே போட்டுப் பேசிக்கொண்டிருந்த நிலையம். அவர்களே டிசம்பர் கடைசியில் ஜாஸை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு 31 நள்ளிரவு வரை பாக் என்ற ஐரோப்பியச் செவ்வியல் இசைமேதையைப் போடுகிறார்கள், இரவு பகலாக. ஜனங்கள் காத்திருந்து கேட்கிறார்கள். பண்டிகை என்றால் பண்டிகைப் பாட்டுதான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மனசு கேட்கவில்லை என்றால் இரண்டே இரண்டு. ஒன்று, 1948 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க் ராயல் ரூஸ்ட் கிளப்பில் இருந்து நேரடியாக ரேடியோவில் போன பார்க்கரின் "வைட் கிறிஸ்துமஸ்". ஒலி கரகரவென்றுதான் இருக்கும், கூட்டத்தின் சத்தமும் சேர்ந்து வரும். ரேடியோவில் வந்ததை ரேடியோவிலேயே திரும்பப் போடுவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. இன்னொன்று டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் "ப்ளூ எக்ஸ்மஸ்". கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி கிறிஸ்துமஸ் பாட்டு கேட்டது, அவர் பாடகர் பாப் டரோவைக் கூப்பிட்டு, பண்டிகையின் பேரில் நடக்கும் வியாபாரத்தைத் திட்டி ஒரு பாட்டு வாங்கி 1962 ஆகஸ்டில் பதிவு செய்து கொடுத்துவிட்டார். சாக்ஸபோன்காரர் வெய்ன் ஷார்ட்டர் மைல்ஸோடு செய்த முதல் பதிவும் அதே சமயத்துதான். அதை 8 மணிக்குப் போட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

ஒயர்மேன் (டிசம்பர் 3)

பாட்டு பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, சட்டம் பற்றி உண்டு. உங்கள் நிலையம் இணையத்திலும் போகிறதா? போகும், எல்லாம் போகிறது. இணைய ஒலிபரப்புக்கு இங்கே இருக்கும் பொது உரிமத்தின்படி மூன்று மணி நேரத்துக்குள் ஒரே தட்டில் இருந்து மூன்று பாட்டுக்கு மேல் போடக் கூடாது, அதிலும் தொடர்ந்து இரண்டுதான். ஒரே கலைஞர் என்றால் நான்கு, தொடர்ந்து மூன்று. ஆக எலிங்டனின் நட்கிராக்கரில் ஒன்பது பகுதியையும் வரிசையாக ஓட விட நினைத்தால் நிலையப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சில கம்பெனிகள் சில நிலையங்களுக்கு விலக்கு கொடுத்திருக்கும். எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டி அறிவிக்கவும் கூடாது, அதனால் பட்டியலை இங்கே ஒட்டிவிடாதீர்கள்.

மணிக்கு ஒரு தடவை நிலையத்தின் அழைப்பெழுத்தும் (டபிள்யூகேசிஆர் மாதிரி) ஊரும் சொல்லியாக வேண்டும். 9 மணியை மறக்க வேண்டாம். டிசம்பர் 31க்குள் கொடுத்தால்தான் இந்த வருட வரிக் கணக்கில் வரும் என்பதால் நன்கொடை அறிவிப்பும் நாலைந்து கொடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு மெதுவான பாட்டுக்கு நடுவில் அதைச் சொருகினால் பந்தியில் உட்கார்ந்தவனிடம் பில் நீட்டினது போல இருக்கும், வேகமான பாட்டுக்கு அப்புறம் வையுங்கள்.

மக்ரூன் (டிசம்பர் 4)

எல்லாரும் போடுகிறவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள், கேட்கிற வீட்டில் இருந்து நான் சொல்கிறேன். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், இப்போது எடிசனில் இருக்கிறோம். 24 ராத்திரி 8 மணிக்கு என் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். அச்சு முறுக்குக்கு அச்சை எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்கி (முழுசாக முக்கினால் மாவு அச்சை விட்டுக் கழலாது), திரும்ப எண்ணெயில் விட்டு உதறி எடுக்க வேண்டும். இரண்டு கையும் மாவும் எண்ணெயுமாக இருக்கும்போது ரேடியோவை யார் மாற்றுவது? நீங்கள் போடுவதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 9 மணிக்கு மேல் குளித்து, புடவை மாற்றி, பிள்ளைகளை எழுப்பிக் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். ஆகவே அய்யா, 9 வரை கை வேலைக்குத் தாளம் வேண்டும், எலிங்டனை அப்போது போடுங்கள். அதற்கு அப்புறம் சத்தத்தைக் குறையுங்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், அவர் பாடினால் எங்கள் வீட்டில் பிள்ளைகள்கூடச் சண்டையை நிறுத்துவார்கள்.

இன்னொன்று. அன்றைக்கு வேலையில் இருப்பவர்களும் தனியாக இருப்பவர்களும் நிறையப் பேர் கேட்பார்கள். "குடும்பத்தோடு மகிழ்ந்திருக்கும் உங்களுக்கு" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

நடுநிசி நாயனம் (டிசம்பர் 4)

மக்ரூன் சொன்னதுதான் சரி, என் கச்சேரிக் கணக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முறுக்கு நேரத்துக்கு எலிங்டனின் நட்கிராக்கரில் வரும் "சுகர் ரம் செர்ரி" பொருந்தும். தேவதை ஆடும் நடனத்துக்கு சைக்கோவ்ஸ்கி செலஸ்டா என்ற மணி ஒலிக்கும் வாத்தியத்தில் கிணுகிணு என்று எழுதினதை எலிங்டனும் அவர் கூட்டாளி ஸ்ட்ரேஹார்னும் டெனர் சாக்ஸிடம் கொடுத்து, தேவதையை மெதுவாக இடுப்பை ஆட்டி நடக்க வைத்துவிட்டார்கள். எண்ணெய் பொங்காமல் பார்த்துக்கொள்ளவும்.

தட்டுசுழற்றி (டிசம்பர் 26)

முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

8 மணிக்கு ஒற்றைக்காது பேச்சைக் கேட்டு மைல்ஸோடு ஆரம்பித்தேன், கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, அடுத்து எலிங்டனில் இரண்டு, எவன்ஸ், நடுநடுவே பண்டிகைக்குச் சம்பந்தமே இல்லாத மங்க், லெஸ்டர் யங். பார்க்கரின் ராயல் ரூஸ்ட் பதிவு நன்றாகவே எடுபட்டது, சலூன்காரர் செய்தி அனுப்பியிருந்தார். மொத்தம் எண்ணிப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிறிஸ்துமஸ், ஆனால் அப்படித் தெரியவில்லை. இந்தத் தடவை ஜிங்கிள் பெல்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடியது.

8:52க்குக் கால்ட்ரேனை ஓட விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். விடுமுறை என்பதால் நடைபாதைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள், யாரும் எனக்குச் சொல்லவில்லை. கதவைத் திறக்கும் அட்டை உள்ளே, கோட்டுப் பையில். போனும் உள்ளேதான். நடைபாதையில் இருக்கும் ஸ்பீக்கரில் நம்முடைய ஒலிபரப்பு கேட்கிறது, பியானோவில் மெக்காய் டைனர் அந்த இரண்டு சுரக்கூட்டையே சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்கிறார், நான் கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். பியானோ முடிந்து சாக்ஸ் திரும்ப வந்தால் அப்புறம் அதிக நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அந்தப் பாட்டை இவ்வளவு கவனமாக வாழ்க்கையில் கேட்டதில்லை. படிக்கட்டு இறங்கி ஓடி, கீழே தனியாக உட்கார்ந்திருந்த காவலரைக் கூட்டி வந்தேன். அவர் சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிறார், சாக்ஸ் வந்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தபோது ஒரு நிமிடம் போலப் பாக்கி இருந்தது. அவர் போகவில்லை, கதவருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்து மணி வரை கேட்டார். குவாரல்டி வந்தபோது மட்டும் "இது எனக்குத் தெரியும்" என்றார்.

மூச்சு வாங்கியதில் இரண்டாவது மணி முழுக்க நான் அதிகம் பேசவில்லை. 9:58க்குப் போன் அடித்தது. அந்தப் பெரியவர்தான். "என்ன, இன்றைக்குப் பேச்சையே காணோம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஒயர்மேன் (டிசம்பர் 26)

அதெல்லாம் சரி, 9 மணிக்கு நிலைய அறிவிப்பு?

தட்டுசுழற்றி (டிசம்பர் 26)

9:06.