பெரிய நத்தை வேண்டும், பொமேசியா வேண்டாம்

வணக்கம். ஜெர்மனி, பிரான்ஸ் பக்கம் மீன்தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஓர் உதவி.

பொமேசியா என்ற ஆப்பிள் நத்தைப் பேரினம் முழுவதையும் ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை செய்துவிட்டது. ஸ்பெயினின் எப்ரோ டெல்டாவில் நெல்வயல்களை அது நாசமாக்கியதுதான் காரணம். சாதுவான மிஸ்டரி நத்தையும் அந்தத் தடைக்குள் வருகிறது. ஆகவே "பழைய ஸ்டாக் இருக்கு" என்று தயவுசெய்து உள்பெட்டிக்கு வராதீர்கள்.

தேடுவது சுலவேசித் தீவின் டைலோமெலானியா, அதாவது முயல் நத்தை. 80 லிட்டர் தொட்டி, மென்மணல் தரை, 27 டிகிரி, பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.8 தயார். தண்ணீர் அமிலமானால் ஓடு அரித்துவிடும்; செம்பு கலந்த மீன் மருந்து பட்டால் நத்தை பிழைக்காது. அதனால் இந்தத் தொட்டியில் மருந்தே விட்டதில்லை.

தொட்டியில் பிறந்த 3 செ.மீ. குட்டிகள் 5 போதும். இடம் மாற்றும் அதிர்ச்சியில் பெரியவை முட்டைப் பையை முதிராமலே உதிர்த்துவிடும் என்பதால் அவை வேண்டாம். இந்த நத்தை ஒரு தடவைக்கு ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டிதான். உபரி கிடைப்பது அரிது என்று தெரியும், காத்திருக்கலாம்.

உங்கள் தொட்டியின் வெப்பநிலை, பிஎச், ஓட்டு நுனி தெரியும் படம் மூன்றையும் பின்னூட்டத்தில் போடுங்கள். குளிர்காலத்தில் தபால் வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஜாவா ஃபெர்ன் என்ற தொட்டிச் செடியை இவை கடிக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.