ஏஞ்சலா டேவிஸை எங்கிருந்து பேசத் தொடங்குவது?

கேள்வி: வாசகி, கிளிநொச்சி

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வாசிப்பு வட்டத்தில், அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் ஏஞ்சலா டேவிஸைப் பற்றிப் பேசும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். வருபவர்களில் பலர் போருக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். சிலர் 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்தவர்கள். எனக்குக் கிடைத்த குறிப்புகள் அவருடைய கைதையும் வழக்கையும் தாண்டவில்லை. இவர்களிடம் எதை முதலில் சொல்வது?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

வழக்கைச் சுருக்கமாகவேனும் சொல்லத்தான் வேண்டும், மகள். அவர் 1944 இல் அலபாமாவின் பேர்மிங்ஹாமில் பிறந்தார். கறுப்பினத்தவரின் வீடுகளுக்கு அடிக்கடி குண்டு வைக்கப்பட்டதால் அவர் வளர்ந்த அயலுக்கே 'டைனமைற் குன்று' என்று பெயர் வந்தது. மெய்யியல் கற்பித்த அவரை, கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்பதற்காக, 1969 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பதவி நீக்கியது. 1970 ஓகஸ்டில் ஒரு நீதிமன்றத்தில் நடந்த ஆயுதத் தாக்குதலில் பயன்பட்ட துப்பாக்கிகள் அவர் பெயரில் பதிவாகியிருந்தமையால் கொலை, ஆட்கடத்தல், சதி ஆகிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. ஏறத்தாழ 16 மாதச் சிறைக்குப் பின் பிணையில் வந்து, 1972 ஜூன் 4 அன்று அனைத்திலிருந்தும் விடுதலையானார்.

பதில்: சமூகப் பணியாளர், முல்லைத்தீவு

ஐயா சொன்னதோடு, அந்தச் சிறைக்குள் அவர் எழுதி 1971 இல் வெளியான கட்டுரையையே நடுவில் வையுங்கள், அக்கா. கறுப்பினக் குடும்பங்களைப் பெண்கள் நடத்துவதே அச்சமூகத்தின் சீர்குலைவுக்குக் காரணம் என்ற தொனியில் 1965 இல் ஓர் அரச அறிக்கை வந்திருந்தது. அடிமைப் பெண் வயலில் ஆணுக்கு நிகராக உழைத்து அதே சவுக்கடியையும் பட்டாள் என்றும், குடிசையில் தன் மக்களுக்காக அவள் செய்த வேலை ஒன்றைத்தான் எசமானனால் நேரடியாக உரிமை கொண்டாட முடியவில்லை என்றும், ஆகவே எதிர்ப்பு அங்கிருந்தே வளர்ந்தது என்றும் டேவிஸ் அதற்கு மறுமொழி எழுதினார். 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்று படிவத்தில் எழுதி, நுண்கடனைக் கையில் கொடுத்து, கட்ட முடியாதபோது அவளையே குறை சொல்லும் வழக்கத்தை இங்கே நாள்தோறும் காண்கிறேன். அந்தக் கட்டுரை எனக்கு அவ்வளவு அருகில் நிற்பது இதனால்தான்.

பதில்: கூலி விவசாயி, தருமபுரம்

எங்கள் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தது. அடிமை வரலாறும் தோட்ட வரலாறும் ஒன்றல்ல; அவற்றைக் கலந்து பேசினால் இரண்டுக்கும் அநீதி. எனினும் 1981 இல் வெளியான 'பெண்கள், இனம், வர்க்கம்' என்ற நூலில், வெள்ளைப் பெண்களின் வாக்குரிமை இயக்கம் கறுப்பினப் பெண்களை எவ்வாறு ஓரமாக நிறுத்தியது என்று டேவிஸ் காட்டும் பகுதியைத் தவிர்க்க வேண்டாம், சகோதரி. வன்னிப் பெண்கள் என்று சொல்லும்போது, அடுத்தவர் காணியில் களை பிடுங்கும் எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோமா என்று உங்கள் வட்டம் தன்னைக் கேட்க வேண்டும்.

மீண்டும்: வாசகி, கிளிநொச்சி

சிறைக் கட்டுரையில் தொடங்கி, வாக்குரிமை இயக்கத்தில் முடிக்கிறேன். கூலி வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் வார நாட் காலைக் கூட்டத்துக்கு வர முடிவதில்லை என்பதால், ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றும்படி தலைவியிடம் கேட்டிருக்கிறேன். தருமபுரத்துச் சகோதரி அவர்கள் அன்று வந்து அந்தப் பகுதியைத் தாமே பேச இயலுமா?