வருமானம் குறையும்போது சேகரிப்புச் செலவில் எதை வெட்டுவது, எதை விற்பது? (நாணயம், அஞ்சல்தலை)

வட்டக்காசு:

நாணயம், அஞ்சல்தலை இரண்டும் கலந்த சேகரிப்பு. வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இப்போது பணம் போகும் வழிகள் இவை: இரண்டு அஞ்சல் துறைகளின் புது வெளியீட்டுச் சந்தா, மாதம் ஓர் ஆன்லைன் ஏலம், அவ்வப்போது பெட்டியில் வரும் நினைவு நாணய செட், ஆல்பம் தாள், நாணயம் வைக்கும் ஹோல்டர், வருடம் ஒரு கேட்டலாக் (அஞ்சல்தலைகளை எண்ணும் விலையுமாகப் பட்டியலிடும் புத்தகம்).

முழுவதுமாக நிறுத்த மனமில்லை. எதை முதலில் வெட்டுவது? விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் எதை, எந்த வரிசையில் விற்பது? விலை இறங்கும் காலத்தில்தான் வாங்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள், அது எவ்வளவு தூரம் சரி? கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

துளைமானி:

முதல் வெட்டு புது வெளியீட்டுச் சந்தா. இன்றைக்கே நிறுத்துங்கள். சேகரிப்பவர்களுக்கென்றே அச்சாகும் தலைகளை வாங்குகிற எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எதுவும் தொலைவதில்லை, கிழிவதில்லை. அதனால் சில வருடம் கழித்து அதே செட் முகமதிப்புக்கும் கீழே மொத்தம் மொத்தமாகக் கிடைக்கும். வேண்டுமென்றால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். நினைவு நாணய செட்டும் இப்படித்தான். கொடுக்கிற விலையில் பெட்டிக்கும் சான்றிதழுக்கும் கணிசமான பங்கு உண்டு. திரும்ப விற்கும்போது பெரும்பாலும் உலோகத்துக்குத்தான் காசு.

இதை எதிர்த்துப் பேசுபவர்கள் 1930 ஏப்ரலில் அமெரிக்கா வெளியிட்ட கிராஃப் செப்பலின் (ஜெர்மன் ஆகாயக் கப்பல்) தலைகளைக் காட்டுவார்கள். மூன்று தலைகள், சேர்த்து 4.55 டாலர். உள்நாட்டுக் கடிதத்துக்கு 2 சென்ட் போதுமாக இருந்த, பெருமந்தம் தொடங்கியிருந்த காலம். 2.60 டாலர் தலை 10 லட்சம் அச்சாகி, விற்றது 61,296 மட்டும். விற்காததை அழித்துவிட்டார்கள். வாங்க ஆளில்லை, மிச்சமும் அழிந்தது என்ற இரண்டும் சேர்ந்ததால்தான் அது அரிதானது. இன்றைய சந்தா வெளியீடுகளில் இந்த இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது அபூர்வம்.

அடுத்தது ஏலம். இங்கேதான் கண்ணுக்குத் தெரியாமல் பணம் கரைகிறது. ஒரு பொருள் 100-க்கு முடிகிறது என்று வையுங்கள். வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம், அது 20. தபால், காப்பீடு 8. பணம் அனுப்பும் செலவு, நாணய மாற்றம் 3. கையில் வரும்போது அடக்கம் 131. அதையே ஏலத்தில் திரும்பக் கொடுத்தால் விற்பவர் கமிஷன் 15 சதவீதம் பிடிப்பார்கள். போட்ட 131 திரும்ப வர, ஏல விலை 154 ஆக வேண்டும். விலை 54 சதவீதம் ஏறினால்தான் நஷ்டமில்லை. இந்த இடைவெளி தெரிந்த பிறகு "சும்மா ஒரு பிட் போட்டுப் பார்க்கலாம்" என்று கை போகாது.

பிட் போடும்போது கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மொத்தமாக 100-க்கு மேல் போகக்கூடாது என்றால், அதில் தபால், பணம் அனுப்பும் செலவு 11 கழித்து மீதி 89-ஐ 1.2-ஆல் வகுக்க வேண்டும். 74. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போடக்கூடாது. மாதம் ஒரு ஏலத்துக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒன்று, அதுவும் ஒரே இடத்தில் நாலைந்து லாட் (ஏலப் பொருள்) என்று வைத்துக்கொண்டால் தபால் செலவு ஒரே தடவையோடு போகும்.

கேட்டலாக் விஷயத்தில் நான்கைந்து வருடம் பழைய பதிப்பே போதும். எண்கள், வாட்டர்மார்க் (தாளில் உள்ள நீர்க்குறி), ஓரத்துத் துளை அளவு, வகைகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். விலை மட்டும்தான் பழசு. நடப்பு விலையை ஏலங்களில் உண்மையில் முடிந்த தொகையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும்.

பட்ஜெட்டை மாதத்துக்கு வைக்காமல் காலாண்டுக்கு வையுங்கள். வீட்டுச் செலவு, கடன் தவணை, ஆறு மாத அவசரக் கையிருப்பு எல்லாம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதிலிருந்து ஒரு தொகை. செலவாகாவிட்டால் அடுத்த காலாண்டுக்குச் சேரும், கடன் மட்டும் கூடாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு ஈடாக எந்த அஞ்சல்தலையும் ஏறாது. இப்படிச் சேர்ந்த தொகையில் சுமாரான பத்து வாங்குவதைவிட, தேவைப் பட்டியலில் ரொம்ப நாளாக நிற்கும் ஒன்றை நல்ல நிலையில் வாங்குங்கள். சுமாரானதை அவசரத்தில் யாரும் வாங்க மாட்டார்கள்.

எடைத்தராசு:

விற்கும் வரிசை பற்றி.

முதலில் டூப்ளிகேட். இரண்டில் நிலை குறைந்தது போகட்டும். அடுத்து, உங்கள் முக்கியத் தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் வழியில் சேர்ந்த பொருட்கள். மூன்றாவது, எளிதில் கிடைக்கும் சாதாரண வருடத்து வெள்ளி நாணயங்கள். மையச் சேகரிப்பு கடைசியில்தான்.

பலர் செய்கிற பெரிய தவறு, அவசரத்தில் வருடவாரியான செட்டின் அரிய வருடத்து நாணயத்தை மட்டும் உருவி விற்பது. அது ஒன்றுதான் மீதிக்கும் மதிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது போனபின் மீதி எல்லாம் சில்லறை. டீலரும் ஆல்பத்தைப் புரட்டி நல்ல நாலைந்தை மட்டும்தான் கேட்பார். அவற்றுக்குத் தனித்தனியாக நியாயமான விலை, இல்லையென்றால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கு உலோக மதிப்பை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். எடை × தூய்மை ÷ 31.1035 = ட்ராய் அவுன்ஸ். எடுத்துக்காட்டாக மரியா தெரசா தாலர்: 28.07 கிராம், தூய்மை 0.833. சுத்த வெள்ளி 23.39 கிராம், அதாவது 0.752 அவுன்ஸ். இதில் எல்லாவற்றிலும் 1780 என்றுதான் இருக்கும். அந்த வருடத்துக்குப் பிறகும் அதே தேதியோடு திரும்பத் திரும்ப அச்சடித்ததால் பெரும்பாலானவை வெள்ளி விலையை ஒட்டியே போகும். இப்படிப்பட்டவற்றைத் தயங்காமல் விற்கலாம். டீலரிடம் "என்ன தருவீர்கள்" என்று கேட்காமல், "அன்றைய வெள்ளி மதிப்பில் எத்தனை சதவீதம்" என்று கேளுங்கள். மூன்று பேரிடம் கேட்டால் நிலவரம் தெளிவாகிவிடும்.

ஆனால் உருக்கக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் 10 மடங்கு லென்ஸில் வருடம், அச்சகக் குறி (எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் எழுத்து) பார்த்துவிடுங்கள். அச்சிட்ட எண்ணிக்கை அதிகம் என்பதால் நாணயம் சாதாரணம் என்று முடிவு கட்டக்கூடாது. 1918-இல் வந்த பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கு மேல் அமெரிக்க வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது இன்னொரு பெரும் உருக்கல் நடந்தது. மார்ச் 27 அன்று அதே வெள்ளி 11 டாலருக்கும் கீழே வந்துவிட்டது, உருகிய நாணயம் திரும்ப வரவில்லை. எது எத்தனை தப்பியது என்பதை அச்சு எண்ணிக்கை சொல்லாது.

போலியைக் கழிக்க 0.01 கிராம் தராசு போதும். நாணயத்தின் எடையை எடுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, மெல்லிய நூலில் நாணயத்தைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் மூழ்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் நாணய எடையை வகுத்தால் அடர்த்தி. சுத்த வெள்ளி 10.49, செம்பு கலக்கக் கலக்க அதிலிருந்து இறங்கும். தாலருக்கு 10.2-ஐ ஒட்டி வர வேண்டும். 9-க்கும் கீழே வந்தால் சந்தேகப்படுங்கள். நூலில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் அளவு தவறும், தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

விற்கப் போகிறோம் என்று எந்த நாணயத்தையும் பளபளப்பாகத் தேய்க்காதீர்கள். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர் ஒதுக்கிவிடுவார், கடைசியில் உலோக விலைதான். கிரேடிங்குக்கு (கட்டணம் வாங்கி நாணயத்தின் நிலையைத் தரம் பிரித்துச் சொல்லும் சேவை) அனுப்பி விற்கும் யோசனையும் வேண்டாம், ஒரு கிரேடு கூடினால் வரும் விலை வித்தியாசம் கட்டணத்தைப்போல மூன்று மடங்காவது இருந்தாலொழிய.

வட்டக்காசு:

நன்றி. அஞ்சல்தலை முழுவதையும் கேட்டலாக் விலையில் 15 சதவீதத்துக்கு மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒரு டீலர் சொல்கிறார். குறைவா, சரியா?

பழைய உறை:

அந்த 15-ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கேட்டலாக்கில் ஒவ்வொரு தலைக்கும் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு. அது தலையின் மதிப்பல்ல, அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும் கூலி. உங்கள் மொத்தத்தில் பாதி இந்தக் குறைந்தபட்ச விலைத் தலைகள் என்றால் 15 சதவீதம் நல்ல விலை. அவை போக, நல்ல நிலையில் இருக்கும் பழைய உயர்மதிப்புத் தலைகள் நிறைய இருந்தால் மிகக் குறைவு.

ஆகவே குறைந்தபட்ச விலையைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் உள்ளவற்றை மட்டும் தனிப் பட்டியலாக எழுதுங்கள். பெரும்பாலும் இருபது முப்பதுக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றிலும் துளைப் பல் குறைந்திருக்கிறதா, பின்பக்கம் மெலிந்திருக்கிறதா, பசை முழுதாக இருக்கிறதா, ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் ஒட்டும் சிறு தாள்) ஒட்டிய தடம் உண்டா என்று குறியுங்கள். ஹிஞ்ச் படாத மின்ட் (பயன்படுத்தாத) தலைக்கும் ஹிஞ்ச் பட்டதற்கும் விலை பாதிக்குப் பாதி வேறுபடுவது சாதாரணம். கேட்டலாக்கில் நீங்கள் பார்க்கும் பத்தி எந்த நிலைக்கானது என்பதையும் முன்னுரையில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலை ஏல முடிவுகளோடு ஒப்பிட்டால் டீலர் சொன்னது எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

விலை இறங்கினால் வாங்கலாமா என்ற கேள்விக்கு, மேலே யாரும் சொல்லாத ஒன்று. மந்த காலத்தில் எல்லாமே ஒன்றாக இறங்குவதில்லை. நடுத்தரப் பொருட்கள்தான் முதலில் விழும், ஏனென்றால் அவற்றை வாங்குவோரும் விற்போரும் சம்பளக்காரர்கள். மிக அரியதை வைத்திருப்பவர் அவசரம் இல்லாவிட்டால் வெளியே எடுப்பதே இல்லை. அங்கே விலை நிற்பதுபோலத் தெரியும், உண்மையில் விற்பனைதான் நின்றிருக்கும். அதனால் வாங்குவதானால் உங்கள் தேவைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் நடுத்தரப் பொருளை, கையிருப்புப் பணத்தில் வாங்குங்கள். மலிவாக வருகிறதே என்று புதுத் தலைப்புத் தொடங்க வேண்டாம்.

முதலீடு என்ற பேச்சு வந்தால் 2006 மே மாதத்து ஸ்பெயினை நினைவில் வையுங்கள். அஃபின்சா, ஃபோரம் ஃபிலாதெலிக்கோ என்ற இரண்டு நிறுவனங்களில் காவல்துறை புகுந்தபோது, அஞ்சல்தலைக்கு நிலையான வருமானம் என்று நம்பிப் பணம் போட்ட லட்சக்கணக்கானோர் மாட்டிக்கொண்டார்கள்.

செலவே இல்லாமல் சேகரிப்பைத் தொடர வழி இருக்கிறது. 1930-களில், கையில் காசில்லாத காலத்தில்தான் புழக்கத்தில் இருக்கும் நாணயங்களை வருடவாரியாகத் துளைகளில் பொருத்தும் அட்டைப் பலகைகள் அமெரிக்காவில் பிரபலமாயின. நாணயத்துக்கு முகமதிப்புதான் செலவு, வேண்டாமென்றால் கடையில் கொடுத்துவிடலாம். அஞ்சல்தலையில் அதற்கு இணை, எடைபோட்டு விற்கும் உறைத்துண்டுகள். தலையைச் சுற்றி ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் ஊறட்டும், தானாக விலகும்வரை உரிக்காதீர்கள். நிறக் காகிதத்தில் ஒட்டியவற்றைக் குளிர்ந்த நீரில் தனியாகப் போடுங்கள், சாயம் இறங்கினால் கூட இருக்கும் அத்தனையும் பாழ். மை உறிஞ்சும் தாளில் முகம் கீழாக உலர்த்தி, மறுநாள் கனமான புத்தகத்தின் அடியில். ஒரு வாரம் ஒரு அச்சு வகையைப் பிரிக்கவே போய்விடும், அதுதான் இதில் நல்ல விஷயம்.

தெளிவான முத்திரையோடு முழு உறையாக இருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். உறையோடு இருக்கும்போது அது அஞ்சல் வரலாறு. வெட்டினால் வெறும் தலை.

துளைமானி:

ஒன்று சேர்க்கிறேன். தானே ஒட்டும் புதுத் தலைகள் பல தண்ணீரில் விலகாது, மணிக்கணக்கில் ஊறவைத்தாலும் பின்பக்கம் பிசினாகத்தான் நிற்கும். அவற்றை உறைத்துண்டோடு ஒரு செ.மீ. ஓரம் விட்டே வைத்துவிடுவது நல்லது.

எடைத்தராசு:

வெட்டக் கூடாத செலவு ஒன்றும் உண்டு, பாதுகாப்பு. மலிவென்று மெத்தென்ற பிவிசி ஃப்ளிப் (நாணயம் வைக்கும் பிளாஸ்டிக் உறை) வாங்கினால் அதிலிருந்து கசிவது நாணயத்தின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். செம்பில் அது அரித்து உள்ளே இறங்கிவிட்டால் திரும்பாது. மைலார் அல்லது பாலிப்ரொப்பிலீன் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். பிசுக்கு இப்போதுதான் தொடங்கியிருந்தால் சுத்தமான அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில், சில நிமிடம் மூழ்க வைத்து எடுத்துத் தேய்க்காமல் உலர விடலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. நகச்சாய நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம்.

அஞ்சல்தலை ஆல்பங்களை நெருக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். அதற்கு மேல் போனால் பசை தாளோடு ஒட்டும், பழுப்புப் புள்ளி வரும். ரொம்பக் காய்ந்தாலும் பசை வெடிக்கும், அதனால் ஈரப்பதமானி ஒன்று வைத்துக்கொண்டு சிலிகா ஜெல்லைக் கூட்டிக் குறையுங்கள். நிறம் மாறிய ஜெல்லைத் தூக்கிப் போடாதீர்கள், 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். புதுசுக்குச் செலவு இல்லை.

வட்டக்காசு:

சந்தா இரண்டையும் நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டேன். டீலருக்குப் பதில் சொல்லும் முன் பழைய உறை சொன்ன பட்டியலைப் போடுகிறேன். ஹிஞ்ச் தடம் உள்ளவற்றைத் தனி நெடுவரிசையில் குறிக்கிறேன்.